எந்தச் செயற்கைக்கோள் படத்தைத் திறப்பது?

கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்ற செய்தி வந்ததும் இணையத்தில் படம் தேடுபவருக்கு ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு படங்கள் கிடைக்கின்றன. ஒன்று கறுப்பு வெள்ளையில் சற்று மங்கலாக இருக்கிறது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகிறது. இன்னொன்றில் சிறு தீவின் கரையோரம்கூடத் துல்லியமாகத் தெரிகிறது; ஆனால் அது எடுக்கப்பட்டு ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. மூன்றாவது சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கிறது. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

பெரும்பாலோர் அழகான படத்தை நம்புகிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தேன். பல புயல் காலங்களைப் படங்களோடு கழித்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. நகரும் வானிலையைப் பின்தொடர்வதற்குப் படத்தின் கூர்மையைவிட இடைவிடாத பார்வையே பெரிது. இந்த விதி பொய்த்துப்போகும் இடங்களும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆபத்து.

நிலைத்து நிற்கும் கண், சுற்றி வரும் கண்

நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் திசையிலேயே செல்லும் ஒரு செயற்கைக்கோள் ஒரு சுற்றை முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 விநாடி எடுத்துக்கொள்கிறது. பூமி தன்னைத் தானே ஒருமுறை சுற்றவும் அதே நேரம்தான் ஆகிறது. விநாடிக்கு 3 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடினாலும், தரையில் நிற்பவருக்கு அது வானத்தில் ஓரிடத்தில் நிலைகொண்டதாகவே இருக்கிறது. இதுவே புவிநிலைச் சுற்றுப்பாதை. 1966 டிசம்பரில் ஏவப்பட்ட ஏடிஎஸ்-1 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளில் வானிலை அறிஞர் வெர்னர் சுவோமி வடிவமைத்த மேகக் கேமரா இருந்தது. ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில், ஒரே நாளில் அடுத்தடுத்து எடுத்த படங்களைக் கோத்துப் பார்த்தபோது மேகங்கள் நகர்வதை மனிதர்கள் முதல்முறையாக விண்வெளியிலிருந்து பின்தொடர முடிந்தது. கண் அசையாமல் இருந்ததால் அசைந்ததெல்லாம் வானிலை.

மறுபக்கம், துருவச் சுற்றுப்பாதைக் கோள்கள் 700 முதல் 850 கிலோமீட்டர் உயரத்தில், வடக்கும் தெற்குமாகப் பறக்கின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 100 நிமிடம். ஒரு நாளில் பதினான்கு சுற்றுகள். கீழே பூமி சுழன்றுகொண்டே இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த பட்டை அவற்றின் பார்வைக்கு வருகிறது. அமெரிக்காவின் நோவா-20 கோளில் உள்ள விர்ஸ் என்ற படமெடுப்புக் கருவி 3,000 கிலோமீட்டர் அகலமான பட்டையை 375 மீட்டர் பகுதிறனில், அதாவது ஒரு படப்புள்ளி 375 மீட்டராக, பதிவு செய்கிறது. புவிநிலைக் கோள்களில் புதியவற்றின் அகச்சிவப்புப் படத்தில் ஒரு படப்புள்ளி 2 கிலோமீட்டர். நாற்பது மடங்கு தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு இவ்வளவு தெரிவதே பெரிய சாதனைதான். ஆனாலும் கூர்மையில் துருவக் கோளை அது வெல்ல முடியாது.

பிறகு ஏன் புவிநிலைக் கோளை முதலில் சொல்கிறேன்? நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஓர் இடத்தை ஒரு துருவக் கோள் நாளுக்கு இரண்டு முறைதான் பார்க்கும்; பகலில் ஒன்று, இரவில் ஒன்று. தனித்து எழும் ஓர் இடிமேகம் பிறந்து, வளர்ந்து, கொட்டித் தீர்த்து, கலைந்துபோக ஒரு மணி நேரம் போதும். அதன் முழு வாழ்வும் இரண்டு பார்வைகளுக்கு நடுவே முடிந்துவிடும். ஜப்பானின் ஹிமவாரி-9, அமெரிக்காவின் கோஸ்-19, ஐரோப்பாவின் மீட்டியோசாட்-12 ஆகிய மூன்றும் தமக்குத் தெரியும் பூமியின் முழு வட்டையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்கின்றன. கோஸ் வரிசையால் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சிறு பகுதியை நிமிடத்துக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் 30 விநாடிக்கு ஒருமுறை பார்க்க முடியும். மேகத்தின் உச்சி எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பது இத்தகைய தொடரில் மட்டுமே தெரியும். அந்த வேகம்தான் அது வலுக்கப்போகிறதா என்பதைச் சொல்கிறது. அடுத்தடுத்த படங்களில் ஒரே மேகத்துணுக்கு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து, அளவுகருவி எதுவும் இல்லாத நடுக்கடலின் மேல் காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிடுகிறார்கள். ஒற்றைப் படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதிலிருந்து காற்று கிடைக்காது.

பழைய கோள்களுக்கும் புதியவற்றுக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான். ஏடிஎஸ்-1 பம்பரம்போலச் சுழன்றுகொண்டே பார்த்தது. அந்த உயரத்திலிருந்து பூமி 17.4 பாகை அகலம்தான். 360 பாகையில் மீதி நேரமெல்லாம் கேமரா இருண்ட விண்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருபதில் ஒரு பங்கு நேரம்கூட அது பூமியைப் பார்க்கவில்லை. மீட்டியோசாட்டின் இரண்டாம் தலைமுறையும் நிமிடத்துக்கு 100 சுழற்சிகள் சுழன்றே படம் எடுக்கிறது. முழு வட்டுக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. சுழலாமல் பூமியை நோக்கியே நிற்கும் புதிய கோள்கள் அந்த வீண் நேரத்தை மீட்டுக்கொண்டன.

துருவக் கோளைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேளைகள்

முதலாவது, புயலின் உள்ளே பார்க்க வேண்டியிருக்கும்போது. கட்புலன் ஒளியும் அகச்சிவப்பும் மேகத்தின் மேற்பரப்போடு நின்றுவிடுகின்றன. முதிர்ந்த புயலின் மேல் கீற்று மேகங்கள் போர்வைபோல விரிந்திருக்கும். அடியில் மழைப்பட்டைகள் எப்படிச் சுருண்டிருக்கின்றன, புயலின் மையமான கண்ணைச் சுற்றி மேகச் சுவர் எழும்பிவிட்டதா என்பதை நுண்ணலைகளே காட்டும். அவை மெல்லிய பனித்துகள் மேகத்தை ஊடுருவி, மழையாலும் அடர்ந்த பனிக்கட்டியாலும் மட்டுமே பெரிதும் மாற்றமடைகின்றன.

புவிநிலைக் கோளிலும் நுண்ணலைக் கருவியை வைக்கலாமே என்று கேட்பார்கள். இயற்பியல் குறுக்கே நிற்கிறது. அலைநீளம் பெரிதாக ஆக, அதே கூர்மைக்கு அகலமான ஆன்டெனா வேண்டும். 700 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஜப்பானின் ஜிகாம்-டபிள்யூ கோளின் ஏஎம்எஸ்ஆர்-2 கருவிக்கு 2 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா இருக்கிறது. அதே பகுதிறனை 35,786 கிலோமீட்டரிலிருந்து பெற, தொலைவு ஐம்பது மடங்கு கூடுவதால், 100 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா வேண்டியிருக்கும். ஆகவே புயல் கண் கட்டுகிறதா என்ற கேள்விக்கு, ஆறு மணி நேரப் பழைய நுண்ணலைப் படம் இந்த நிமிடத்து அகச்சிவப்புப் படத்தைவிடச் சரியான பதிலைத் தரக்கூடும். என் விதி மிகத் தெளிவாகத் தோற்கும் இடம் இது. புயல் காலத்தில் நான் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தே பார்க்கிறேன்.

இரண்டாவது, உயர் அட்சரேகைகள். புவிநிலைக் கோளுக்குத் துருவங்கள் வட்டின் விளிம்புக்கு அப்பால் மறைந்திருக்கின்றன. 60 பாகைக்கு மேலே போனால் எல்லாமே சரிந்து நசுங்கித் தெரிகிறது. அங்கே துருவக் கோள்களின் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், நாளுக்கு இரண்டு முறை என்பது சுற்றுக்கு ஒருமுறை என்றாகிவிடுகிறது. ரஷ்யா 2021இல் ஏவிய அர்க்டிகா-எம் கோள் மூன்றாவது வழியைக் காட்டியது. நீண்டு குறுகிய நீள்வட்டப் பாதையில் வடக்கே உயரத்தில் வெகுநேரம் தங்கி, கிட்டத்தட்ட புவிநிலைக் கோள்போலவே ஆர்க்டிக்கைப் பார்க்கிறது.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உங்கள் கேள்வி மூன்று நாள் கழித்து மழை பெய்யுமா என்பதானால், படம் எதையும் திறக்க வேண்டாம். நகரும் படத்தைக் கண்ணால் நீட்டிப் பார்ப்பது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு உதவும். அதற்கு மேல் கணினி மாதிரிகளின் வேலை. அவற்றுக்கு மிகுந்த வலுச் சேர்ப்பவை, துருவக் கோள்களின் நுண்ணலைக் கருவிகள் அடுக்கடுக்காக அளந்து தரும் வெப்பநிலையும் ஈரப்பதமும்தான். இப்போது புவிநிலையிலும் அகச்சிவப்பை மிக நுணுக்கமாகப் பிரித்து அடுக்குகளை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. 2016இல் சீனாவின் ஃபெங்யுன்-4ஏ தொடங்கி வைத்தது, 2025 ஜூலையில் ஐரோப்பாவின் எம்டிஜி-எஸ்1 ஏவப்பட்டது. மேகம் மூடியிருக்கும் இடத்தில் அவற்றுக்கும் அதே பழைய தடைதான்.

பக்கத்தில் பழையதா, தொலைவில் புதியதா

புவிநிலைதான் என்று முடிவு செய்த பிறகும் ஒரு தேர்வு மிஞ்சுகிறது. ஒரே கடலை இரண்டு மூன்று கோள்கள் வெவ்வேறு கோணங்களிலிருந்து பார்க்கின்றன. எடுத்துக்காட்டாக, வட அட்சரேகை 12 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 85 பாகையில் ஒரு புயல் இருப்பதாகக் கொள்வோம். 82 பாகையில் நிற்கும் இந்தியாவின் இன்சாட்-3டிஎஸ்ஸுக்கு அது கிட்டத்தட்ட நேர் கீழே. அதன் படமெடுப்புக் கருவிக்கு ஆறு அலைவரிசைகள். அகச்சிவப்பில் ஒரு படப்புள்ளி 4 கிலோமீட்டர். முழு வட்டுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம். 140.7 பாகையில் நிற்கும் ஹிமவாரி-9க்குப் பதினாறு அலைவரிசைகள், 2 கிலோமீட்டர், பத்து நிமிடம். எண்களை மட்டும் பார்த்தால் ஹிமவாரியே மேல் என்று தோன்றும்.

கோணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் நிலைமை மாறுகிறது. அந்தப் புயலை ஹிமவாரி, தலைக்கு நேர் மேலிருந்து ஏறத்தாழ 64 பாகை சரிந்த கோணத்தில் பார்க்கிறது. விளக்கு வெளிச்சம் சாய்வாக விழுந்தால் தரையில் வட்டம் நீள்வட்டமாக நீளுமே, அதுபோல 2 கிலோமீட்டர்ப் படப்புள்ளி கிழக்கு மேற்காக 5 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டுவிடுகிறது. புதிய கருவியின் கூர்மை அந்தத் திசையில் அப்படியே கரைந்துபோகிறது.

இன்னும் கவலைக்குரியது இடமாறு தோற்றப் பிழை. உயரமான மேக உச்சியைச் சாய்வாகப் பார்க்கும்போது, அது தனக்குப் பின்னாலுள்ள தரையின்மேல் இருப்பதாகப் படத்தில் விழும். 15 கிலோமீட்டர் உயர மேகம் ஹிமவாரி படத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே தள்ளித் தெரியும். இன்சாட் படத்தில் விலகல் 4 கிலோமீட்டர் அளவுதான். புயல் எந்த ஊரை நெருங்குகிறது என்று படத்தின்மேல் விரல் வைத்துப் பார்ப்பவர்களுக்கு 30 கிலோமீட்டர் சிறிய பிழையாகாது. ஆகவே இடம் அறிய நேர்மேலே நிற்கும் கோள், வளர்ச்சியின் வேகம் அறிய அடிக்கடி பார்க்கும் கோள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் நேர்மேலே நிற்பதையே வைத்துக்கொள்வேன்.

இதே பிழை ஒருமுறை அளவுகோலாகவும் ஆனது. 2022 ஜனவரி 15 அன்று டோங்கா அருகே ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தபோது, அதன் புகைத்தூணை ஹிமவாரி-8, கோஸ்-17, தென்கொரியாவின் ஜிகே-2ஏ என மூன்று புவிநிலைக் கோள்கள் மூன்று பக்கங்களிலிருந்து பார்த்தன. ஒவ்வொன்றிலும் தூணின் உச்சி வெவ்வேறு இடத்தில் விழுந்தது. அந்த வேறுபாட்டை வைத்தே அது 57 கிலோமீட்டர் உயரம் எட்டியதாகக் கணக்கிட்டார்கள். வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் ஒன்றான இடைவளி மண்டலத்தைத் தொட்டதாகப் பதிவான முதல் எரிமலைத் தூண் அது. வழக்கமாக மேக உச்சியின் வெப்பநிலையை வைத்து உயரம் சொல்வார்கள். அவ்வளவு உயரத்தில் அந்த வழி செல்லாது. மேலே போகப் போகக் காற்று மறுபடி சூடாகிறது.

எந்த அலைவரிசை

கட்புலன் ஒளிப் படம் நம் கண்ணுக்குப் பழகியது. புதிய கோள்களில் அரை கிலோமீட்டர் பகுதிறனிலும் கிடைக்கிறது. மாலை வெயிலில் கார்திரள் எனப்படும் இடிமேகங்களின் உச்சியில் நிழல் விழும். விரிந்த மேகத்தட்டைத் துளைத்துக்கொண்டு மேலெழும் குமிழ்கள் அந்த நிழலில் புடைத்துத் தெரியும். பகலில் இதைவிடச் சிறந்த படம் இல்லை. ஆனால் சூரியன் மறைந்ததும் அது இருண்டுபோகிறது. புயல் இரவில் ஓய்வதில்லை.

அகச்சிவப்பு இரவு பகல் பார்ப்பதில்லை. 10 முதல் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான அலைநீளச் சாளரத்தில், மேகமில்லாத காற்று பெரும்பாலும் ஒளிபுகக்கூடியது. கடலும் மேகமும் தத்தம் வெப்பத்தை உமிழ்வதையே கருவி அளக்கிறது. உயர்ந்த மேகம் குளிர்ந்தது, ஆகவே வெண்மையாகக் காட்டுகிறார்கள். வெப்பமான கடல் கறுப்பு. வலுத்த இடிமேகங்களின் உச்சி கழித்தல் 70, 80 பாகை செல்சியஸ் வரை போகும். விமானம் புயலுக்குள் பறந்து அளக்காத கடல்களில், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க வானிலை ஆய்வாளர் வெர்னன் டிவோராக் வகுத்த முறைதான் இன்றும் புயலின் வலுவை மதிப்பிட உதவுகிறது: மேகங்களின் சுருள் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது, கண் எவ்வளவு வெப்பமாக, அதைச் சூழ்ந்த வளையம் எவ்வளவு குளிர்ந்து இருக்கிறது என்று பார்த்து எண் தருவது. இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே அளவுகோலில் ஒப்பிட முடிகிற படம் இது. எனவே எந்தப் படத்தை முதலில் திறப்பது என்று கேட்பவருக்கு என் பதில் சாளர அகச்சிவப்பு.

அதற்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. கடலை ஒட்டித் தாழ்வாகக் கிடக்கும் மேகத்தின் வெப்பநிலை கடலின் வெப்பநிலைக்கு அருகிலேயே இருக்கும். படத்தில் இரண்டும் ஒரே சாம்பல். உயரக் காற்று புயலின் மேற்பகுதியை ஒருபுறம் தள்ளிவிடும்போது, இடிமேகக் கூட்டம் ஓரிடத்திலும், தாழ்மட்டத்தில் சுழலும் உண்மையான மையம் வேறிடத்திலும் போய்விடுவது உண்டு. இரவு முழுவதும் அகச்சிவப்பில் அந்த வெள்ளைத் திட்டின் நடுவையே மையம் என்று பின்தொடர்ந்திருப்போம். விடிந்து முதல் கட்புலன் படம் வரும்போது, தாழ்மேகங்களின் சிறு சுழி, திட்டுக்கு வெளியே, நூறு கிலோமீட்டர்கூடத் தள்ளி, தனியாகச் சுழன்றுகொண்டிருக்கும். வானிலைக் கணிப்பாளர்களுக்கு நன்கு தெரிந்த விடியற்காலை அதிர்ச்சி இது. அப்படி ஒரு காலையை நானும் கண்டிருக்கிறேன். இரவில் உறுதியாகக் குறித்துவைத்த இடங்கள் அத்தனையும் தவறு. அன்றிலிருந்து இரவில் 3.9 மைக்ரான் அலைவரிசையையும் சேர்த்தே பார்க்கிறேன். நீர்த்துளிகளாலான தாழ்மேகம் அந்த அலைநீளத்தில் சற்றுக் குறைவாக உமிழ்கிறது. ஆகவே சாளர அலைவரிசையோடு கழித்துப் பார்த்தால் மூடுபனியும் தாழ்மேகமும் இருளிலிருந்து வெளிப்படுகின்றன. காட்டுத்தீயைக் கண்டுபிடிப்பதும் இதே அலைவரிசைதான்.

நீராவிப் படத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன். 6 முதல் 7.5 மைக்ரான் வரையிலான அந்தப் பகுதியில் நீராவியே கதிர்களை உறிஞ்சிவிடுவதால், கருவி பார்ப்பது நடு, மேல் அடுக்குகளின் ஈரத்தை மட்டும்தான். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மழை என்று நினைப்பது பரவலான தவறு. தரையருகே காற்று எவ்வளவு நனைந்திருந்தாலும் அதில் தெரியாது. புயலுக்குள் வறண்ட காற்று நுழைந்து அதன் வலுவைக் குலைக்கிறதா என்று பார்க்க மட்டும் அதற்கு இணையில்லை. கறுத்த நாக்கு ஒன்று சுருளுக்குள் நீள்வது அப்படியே தெரியும்.

திறக்கும் முன் கவனிக்க

படத்தின்மேல் அச்சிட்ட நேரம் பெரும்பாலும் பதிவு தொடங்கிய நேரம். கோஸ் வடக்கிலிருந்து தெற்காக வருடுகிறது. பழைய மீட்டியோசாட் தெற்கிலிருந்து வடக்காக. ஒரே முழு வட்டின் இரு முனைகளுக்கு இடையே பத்து நிமிடம்வரை, பழைய கோள்களில் அதற்கு மேலும், வேறுபாடு இருக்கிறது. இரண்டு கோள்களின் படங்களை ஒட்டிப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. சம இரவு நாள்களையொட்டிய ஆறேழு வாரங்களில் நள்ளிரவை ஒட்டி ஓரிரு படங்கள் வராமல் போகலாம். அந்நாள்களில் கோள் பூமியின் நிழலுக்குள் நுழைகிறது, அதிகபட்சம் 72 நிமிடம். நிழலின் இரு ஓரங்களிலும் சூரிய ஒளி நேராகக் கருவிக்குள் விழும் ஆபத்தும் இருக்கிறது. கோள் பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

கடைசியாக வண்ணப் படங்கள். பல அலைவரிசைகளைச் சிவப்பு, பச்சை, நீலமாகக் கலந்து செய்யப்படும் இவற்றில் சில மிகப் பயனுள்ளவை. 12 மைக்ரானும் 10 மைக்ரானும் தரும் வேறுபாட்டைச் சேர்த்த தூசிப் படம், பாலைவனப் புழுதியையும் எரிமலைச் சாம்பலையும் மேகத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது. எந்த நிறம் எதற்கு என்ற விளக்கத்தைப் படிக்காமல் மட்டும் இவற்றைப் பயன்படுத்தாதீர்கள். ஜியோகலர் என்ற பெயரில் பரவலாகக் கிடைக்கும் படத்தில் பகலில் தெரிவது உண்மைக்கு நெருக்கமான நிறம்; இரவில் மேகம் அகச்சிவப்பிலிருந்து வருகிறது; நகரங்களின் விளக்குகளோ முன்பே தயாரித்து அடியில் வைத்த நிலையான பின்னணி. புயல் கடந்த இரவில் அந்த விளக்குகளைப் பார்த்து, ஊரில் மின்சாரம் இருக்கிறது என்று உறவினர்களுக்குச் சொல்லிவிடக் கூடாது. ஊர் முழுவதும் இருளில் கிடந்தாலும் படத்தில் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். உண்மையான இரவு விளக்குகளைப் பார்க்க வேண்டுமானால், துருவக் கோளின் விர்ஸ் கருவி நள்ளிரவு தாண்டிக் கடந்துபோகும் வரை காத்திருக்க வேண்டும்.